பதம் பார்த்த சோறு

நாட்டு மக்கள் எதற்கு எவ்வளவு செலவு செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அரசாங்கத்துக்கு ஒரு நாள் ஆசை வந்துவிட்டது. தெரிய வேண்டுமென்றால் போய்க் கேட்டுவிட வேண்டியதுதானே என்று நினைக்கிறவர்கள் அரசாங்கத்தோடு பழகாதவர்கள். கேட்பதற்கு முன்னால் எப்படிக் கேட்பது என்று யோசிக்க வேண்டும். யோசிக்க ஒரு குழு வேண்டும். குழு உட்கார ஒரு கட்டடம், கட்டடத்துக்கு ஒரு காவலாளி, காவலாளிக்கு ஒரு நாற்காலி, நாற்காலி வாங்க ஒரு உபகுழு. 'தேசியக் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு வடிவமைப்புக் குழு' என்று பெயர் வைத்தார்கள். அதை எழுத வந்த பெயிண்டருக்கு முகப்புச் சுவர் போதவில்லை. 'குழு' மட்டும் மூலை திரும்பிக் கழிப்பறைச் சுவரில் விழுந்தது.

கேள்விகள் தயாராயின. நாடு முழுக்கக் கேட்பதற்கு முன், வட்டாரத்துக்கு ஒரு வீட்டில் கேட்டுப் பார்த்துச் சரிசெய்துகொள்வது என்று முடிவாயிற்று. இந்த வட்டாரத்தில் குலுக்கிப் போட்டு எடுத்ததில் வந்தது தையல்காரர் வீடு. எத்தனையோ வருடமாக லாட்டரி வாங்கியும் விழாத அதிர்ஷ்டம் இதில் போய் விழுந்தது என்றால் அதை என்னவென்று சொல்வது.

தையல்காரருக்கு முன்னறைதான் கடை. ஜன்னலோரம் மிஷின், அதன் பக்கத்தில் வெட்டும் மேசை, மேசைக்கு அடியில் துண்டுத் துணி மூட்டை. பள்ளிக்கூடச் சீருடை தைப்பதில் அவரை அடித்துக்கொள்ள அந்தப் பக்கம் ஆள் கிடையாது. ஒரே குறை, கண். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. இடது கண் பாலாடை படிந்துபோய்விட்டது. வலது கண்ணை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் அவர் மனைவி பத்துப் பதினைந்து ஊசிகளில் நூல் கோத்துச் சின்ன ஊசிமெத்தையில் குத்தி வைத்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள். பெரியாஸ்பத்திரி இலவசக் கண் வார்டில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அடுத்த மாதம் என்றால் அடுத்த மாதம். அது முடிந்துவிட்டால் ஊசிக்காதில் ஒட்டகமே கோப்பேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கணக்கெடுக்கும் பெண் கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து வாசலில் நின்றாள்.

"சார், உங்க வீடு மாதிரிக் குடும்பமாத் தேர்வாகியிருக்கு."

தையல்காரர் மிதியிலிருந்து காலை எடுத்தார். பள்ளிக்கூடத்தில்கூட ஒரு பென்சில் பரிசு வாங்கியதில்லை அவர்.

"கேட்டியா?" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "நம்மளை மாதிரிக் குடும்பம்னு சொல்லிட்டாங்க!"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "எதைப் பாத்துச் சொன்னாங்களாம்?"

"சண்டை சச்சரவு இல்லாம இருக்கோம்ல, அதைப் பாத்திருப்பாங்க."

"யாரு, நாமளா?"

அந்தப் பெண் நல்ல பெண். தவறைத் திருத்தப் பார்த்தாள். "அந்த மாதிரி மாதிரி இல்ல சார். இது வேற மாதிரி மாதிரி. பொறுக்கி எடுத்துப் பாக்கறதுக்கு..."

"பொறுக்கி எடுத்திருக்காங்கடி, பொறுக்கி!" என்றார் தையல்காரர். அன்று சாயங்காலமே ஒரு பெட்டி இனிப்பு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தார். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் இரண்டு எடுத்துக்கொண்டு, "அண்ணே, நம்ம தெருவுக்கே பெருமை" என்றார்.

மறுநாள் அந்த இனிப்பு ஒரு பிரச்சினையாகிவிட்டது. வாங்கியவர் தின்னவில்லை, தின்றவர்கள் வாங்கவில்லை. அப்படியானால் நுகர்ந்தது யார்? கேள்வித்தாளில் அதற்குக் கட்டம் இல்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக அதற்கென்று ஓர் உபகுழு கிளம்பியது. முடிவு வரும்வரை தெருவில் இனிப்புத் தின்றவர்கள் யாரும் ஊரை விட்டுப் போகக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

இதற்குள் குழுவின் தலைவரே வீட்டுக்கு வந்தார். சிவந்து பருத்த விரல்கள், மெல்லிய குரல். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, கைகளைக் கோத்துக்கொண்டு பேசினார்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. நீங்கதான் அந்த ஒரு சோறு. இந்த வட்டாரத்துல எண்பதாயிரம் வீடு. அத்தனையும் ஒரு பானை. நாங்க எல்லாரையும் கேக்க வேண்டியதில்ல, உங்களைக் கேட்டாப் போதும். நீங்க தும்மினா எண்பதாயிரம் வீடு தும்மின கணக்கு."

"பதம் பாக்கற சோத்தை வெரலால நசுக்கித்தான பாப்பாங்க?" என்றாள் மனைவி.

தலைவர் அதைக் கேட்டு ரசித்துச் சிரித்தார். தையல்காரரும் சிரித்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

கணக்கெடுப்பு உப்பில் ஆரம்பித்தது.

"நேத்து எவ்வளவு உப்பு போட்டீங்கம்மா?"

"தேவையான அளவு."

"அது எத்தனை கிராம்?"

"சோத்துக்கு ஒரு சிட்டிகை, காய்க்கு ரெண்டு சிட்டிகை. இதுக்கு யாராவது தராசு தூக்குவாங்களா?"

ஒரு சிட்டிகை என்பது எவ்வளவு என்று யாருக்கும் தெரியவில்லை. குழு உறுப்பினர்கள் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு சிட்டிகை உப்பு எடுத்தார்கள். மெலிந்த விரல் கட்சி ஒரு பக்கம், தடித்த விரல் கட்சி ஒரு பக்கம். வாய்ச்சண்டை முற்றி, ஓர் உறுப்பினர் இன்னொருவர் கண்ணில் உப்பை விட்டெறிந்தார். கடைசியில் தலைவரின் சிட்டிகையே தேசியச் சிட்டிகை என்று தீர்மானமாயிற்று. அவருடைய கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அச்செடுத்து, வெண்கலத்தில் வார்த்து, வட்டாரத்துக்கு ஒன்று அனுப்பினார்கள். தையல்காரர் மனைவி அதை ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்தாள்.

அடுத்து வந்தது அடுப்பு. குழுவின் விதிப்படி, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அடுப்பு உபகுழுவின் உறுப்பினர் ஒருவர் நேரில் வந்து அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துப்போனார்.

"இங்க ரெண்டு அடுப்பு எரியுதே!"

"ஒரே ஸ்டவ்வுங்க," என்றாள் அவள். "ரெண்டு பர்னர். ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் காய்."

"எரியறது எத்தனை?"

"ரெண்டு."

"அப்ப ரெண்டு குடும்பம்."

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "அந்த இன்னொரு குடும்பம் எங்க இருக்கு? எத்தனை நாளா நடக்குது இது?"

பாவம், சின்ன வீடு வைத்துக்கொள்ளும் வசதியோ தைரியமோ இல்லாத மனிதர். அரசாங்கம் அவருக்கு அதையும் இலவசமாக ஏற்பாடு செய்து கொடுத்தது. இருவருமே இரண்டு பர்னரிலும் சாப்பிட்டதால் இரண்டு பேர் நாலு பேராகக் கணக்கானார்கள். எண்பதாயிரத்தால் பெருக்கியபோது வட்டாரத்தின் ஜனத்தொகை ஒரே மத்தியானத்தில் இரண்டு மடங்காகி, தலைக்கு இவ்வளவு என்று வைத்திருந்த சோறு பாதியாகி, ஊரே பட்டினி கிடப்பதாக மேலிடத்துக்குத் தந்தி பறந்தது. மேலிடம் கோபப்பட்டது. விதியை மாற்றலாமே என்று கணக்கெடுக்கும் பெண் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். விதியை மாற்றுவதற்கு விதி இல்லை என்றார்கள். அதனால் ஒரு பர்னரைக் கம்பியால் கட்டி, அரக்கு உருக்கி, முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து சோறு வெந்து இறங்கிய பிறகுதான் காய் ஏறும். இரண்டில் ஒன்று ஆறித்தான் தட்டுக்கு வரும்.

தையல்காரர் இதையெல்லாம் பெருமையோடு பொறுத்துக்கொண்டார் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. எண்பதாயிரம் வீடு தன் தலையில் நிற்கிறது என்று அவர் நிஜமாகவே நம்பினார். ஒரு தடவை மழைக்கு ஒரு குடை வாங்கிவிட்டார். அலுவலகத்தில் எண்பதாயிரம் குடை என்று கணக்கு ஏறி, இந்த வட்டாரத்தில் வெள்ளமோ என்று பயந்து படகு அனுப்பினார்கள். அதிலிருந்து குடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போய்வந்தார். இரண்டாவது டீ குடிக்க ஆசை வந்தால், எண்பதாயிரம் டீ ஆச்சே என்று வாயைக் கட்டினார். குருவி தலையில் பனங்காய் வைத்தால் குருவி அழ வேண்டும். இந்தக் குருவி நிமிர்ந்து உட்கார்ந்து தலை ஆடாமல் பார்த்துக்கொண்டது.

ஆபரேஷன் நாள் வந்தது. மாற்றுத்துணி, தட்டு, டம்ளர் எல்லாம் பையில் போட்டுக்கொண்டு இருவரும் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். பதிவு ஜன்னலில் இருந்த குமாஸ்தா கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டுத் தலையாட்டினார்.

"உங்க பேருக்கு நேரா 'ஆய்வில் உள்ளது, தொடாதீர்'னு வருது."

"கண்ணுக்குத்தான் வந்திருக்கோம்," என்றாள் மனைவி.

"எதுக்கா இருந்தாலும் தொடக் கூடாதும்மா. அந்தக் குழுகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க. அஞ்சு நிமிஷ வேலை."

அந்த அஞ்சு நிமிஷ வேலைக்காக இருவரும் தலைவர் அறைக்கு வெளியே அன்று முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போனதும் தலைவர் எழுந்து நின்று வரவேற்றார். அவரிடம் மரியாதைக்குக் குறைவே இருந்ததில்லை.

"கண்ணா? ரொம்ப முக்கியமான விஷயம் சார். நாங்களும் அதைத்தான் பேசிட்டிருக்கோம். இலவச ஆபரேஷன்னா அதுக்கு விலை இல்ல. விலை இல்லாதது செலவு இல்ல. ஆனா நீங்க அனுபவிக்கறீங்க. அனுபவிச்சா அது நுகர்வு. செலவே இல்லாத நுகர்வை எந்தக் கட்டத்துல எழுதறது? இது உலகம் முழுக்க இருக்கற சிக்கல். நான் இந்த நாற்காலிக்கு வந்ததுலேருந்து ஒரு கேள்வியைக்கூட அவசரப்பட்டு முடிச்சதில்ல. அந்தப் பேரை நான் காப்பாத்தணும் இல்லியா?"

"சார், ஊசில நூல் கோக்க முடியல," என்றார் தையல்காரர்.

"புரியுது. ஆனா ஒண்ணு யோசிங்க. உங்களுக்கு ஒரு ஆபரேஷன்னா எங்க கணக்குல எண்பதாயிரம் ஆபரேஷன். அத்தனை டாக்டருக்கு எங்க போறது?"

"நிஜத்துல ஒண்ணுதானங்க?" என்றாள் மனைவி.

தலைவர் அவளைப் பரிவோடு பார்த்தார். "நிஜத்தைப் பாத்துட்டிருந்தா புள்ளிவிவரம் எடுக்க முடியாதும்மா. இன்னொண்ணு சொல்றேன். நாங்க பாத்துட்டிருக்கும்போதே உங்க வாழ்க்கை சரியாயிட்டா, அது நாங்க பாத்ததால சரியான மாதிரி ஆயிடும். மக்கள் பிரச்சினைல தலையிட்டா மக்கள் மாறிடுவாங்க. மாறிட்டா நாங்க அளந்தது யாரை? வடிவமைப்பு முடியட்டும். அதுவரைக்கும் நீங்க இருக்கற மாதிரியே இருங்க."

வெளியே வந்ததும் மனைவி கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவோம். இதை அடகு வெச்சுக்கலாம். இவனுங்க கையெழுத்தும் வேணாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேணாம்."

கணக்கெடுக்கும் பெண் படிக்கட்டில் நின்றிருந்தாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நீங்க அவ்வளவு பெரிய செலவு பண்ணா, இந்த வட்டாரத்துல எல்லா வீட்டுக்கும் அந்த வசதி இருக்குன்னு ஏறிடும். அப்புறம் ரேஷன் அரிசியை நிறுத்திடுவாங்க. எனக்குத் தோணுச்சு, சொல்லிட்டேன்."

தையல்காரர் நின்றுவிட்டார்.

"போலாம் வாங்க," என்று மனைவி கையைப் பிடித்து இழுத்தாள்.

"இல்ல. நான் ஒருத்தன் பாக்கறதுக்காக எண்பதாயிரம் வீட்டுச் சோத்துல மண்ணைப் போட முடியுமா?"

"அவங்க யாராவது உங்களுக்கு நூல் கோத்துத் தர்றாங்களா? நான்தான கோக்கறேன்!"

நடுரோட்டில் அவள் அழுதாள். அவர் சங்கிலியைத் தடவி எடுத்து அவள் கையில் வைத்து மூடினார். கையெழுத்து எப்படியும் வந்துவிடும் என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். உலகத்தில் நல்லவனாக இருப்பதில் உள்ள தொல்லை இதுதான்: கெட்டவர்கள் கட்டிப்போட வேண்டிய கயிற்றை அவனே வாங்கிக்கொண்டு வந்து நீட்டுவான்.

கையெழுத்து வரவில்லை. குழு மும்முரமாக இருந்தது. மக்களிடம் போன வாரத்தைப் பற்றிக் கேட்பதா, போன மாதத்தைப் பற்றிக் கேட்பதா, போன வருடத்தைப் பற்றிக் கேட்பதா என்று மூன்று கட்சி. வாரம் என்றால் ஞாபகம் இருக்கும், வருடம் என்றால் மறந்துவிடும், மறந்ததும் ஒரு தகவல்தான் என்று வாதம் நடந்தது. ஒவ்வொரு தடவை முடிவு மாறும்போதும் முதலிலிருந்து கேட்க அந்தப் பெண் வந்தாள். மருத்துவச் செலவு என்ற கட்டம் வரும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொண்டு "இல்லை" என்று எழுதினாள். எழுத வேறென்ன இருந்தது?

ஒரு மழைக்காலம் போய் இன்னொரு மழைக்காலம் வந்தது. தையல்காரர் ஒரு பையனுக்கு இரண்டு இடது கை வைத்துச் சட்டை தைத்துக் கொடுத்தார். அந்த வருடம் சீருடை வேலை வரவில்லை. வலது கண்ணில் தலைவலியோடு சேர்ந்து ஒரு குத்தல் வந்து, சில வாரம் இருந்து, தானாகவே போயிற்று. வலி போனதும் நிம்மதியாக இருந்தது என்று அவர் சொன்னார். அதோடு வெளிச்சமும் போய்விட்டதைச் சொல்ல அவருக்கு இரண்டு நாளாயிற்று. மனைவி அதற்கு மறுநாளும் ஊசிகளில் நூல் கோத்து மெத்தையில் குத்தி வைத்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது.

அப்புறம் ஒரு நாள் கடிதம் வந்தது. தையல் நின்றுபோய்ச் செலவு குறைந்துவிட்டதால், வட்டாரத்தின் சராசரியோடு இந்த வீடு பொருந்தவில்லை. ஆகவே இது இனி மாதிரிக் குடும்பம் அல்ல. குடும்பத்தலைவர் விரும்பினால் உடனடியாகக் கண் ஆபரேஷன் செய்துகொள்ளலாம், தடை இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்ற பழமொழியை இந்த இடத்தில் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதைவிடப் பொருத்தமாக அரசாங்கக் கடிதம் எதுவும் எழுதப்பட்டதில்லை.

கடிதத்தைக் கொண்டுவந்தவள் அதே பெண்தான். படித்துக் காட்டிவிட்டு, "என்னை மன்னிச்சிடுங்க சார்" என்றாள்.

"நீ என்னம்மா பண்ணுவே," என்றார் தையல்காரர்.

"பர்னர்ல இருக்கற முத்திரையாவது எடுத்து விடும்மா," என்றாள் மனைவி.

"அதை அடுப்பு உபகுழுதான் எடுக்கணும்மா. அதைப் போன வாரம் கலைச்சுட்டாங்க."

கடிதத்தோடு பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். கண் வார்டில் கட்டில்களைக் கழற்றி வெளியே அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் தன் விளக்கையும் கண்ணாடிகளையும் அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தவர், பெட்டியைத் திரும்பப் பிரித்து விளக்கை எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"புரை முத்தி உடைஞ்சு, அழுத்தம் ஏறி நரம்பு செத்துடுச்சு. ரெண்டு கண்ணும். இனி புரையை எடுத்தாலும் தெரியாது. முன்னாடியே வந்திருக்கலாமேயா?"

"முன்னாடியே வந்தோங்க," என்றாள் மனைவி. "தொடாதீர்னு எழுதியிருந்துச்சு."

டாக்டர் விளக்கை அணைத்தார். அவர் மேசை மேல் குழுவின் முதல் அறிக்கை கிடந்தது. இந்த வட்டாரத்து எண்பதாயிரம் குடும்பங்களில் கண் மருத்துவத்துக்கென்று ஒரு குடும்பம்கூட எதுவும் செலவு செய்யவில்லை. இலவசச் சிகிச்சையையும் யாரும் நாடவில்லை. ஆகவே கண் வார்டு தேவையற்றது என்று அதில் கண்டிருந்தது. வார்டைக் குழுவுக்கே ஒதுக்கியிருந்தார்கள். பெயிண்டர் ஏணியில் நின்றுகொண்டிருந்தார். அந்தச் சுவர் நல்ல நீளம். இந்தத் தடவை பெயர் முழுசாக அடங்கியது.

சில நாள் கழித்து, பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் வந்து தையல்காரர் உள்ளங்கையில் எதையோ வைத்தார். தொட்டுப் பார்த்தால் இனிப்பு.

"என்ன விசேஷம் தம்பி?"

"எங்களை மாதிரிக் குடும்பமா எடுத்திருக்காங்கண்ணே! தலைவரே வீட்டுக்கு வந்தாரு. ஏதோ பானை, சோறுன்னு ரொம்ப நல்லாப் பேசினாரு. இப்ப புதுசா திரும்ப வடிவமைக்கறாங்களாம்."

எலக்ட்ரீஷியன் மனைவிக்கு அது நிறைமாசம். பெரியாஸ்பத்திரியில்தான் பேர் பதிந்திருந்தார்கள். இது தையல்காரருக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு துணி துவைப்பது தினமும் அவர் காதில் விழும். அவர் மிஷினைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"தம்பி, வேணாம்னு சொல்லிடு. கையெழுத்துப் போட்டுட்டியா? போட்டிருந்தாலும் சரி, இன்னைக்கே அவளைக் கூட்டிட்டு வேற ஊர் ஆஸ்பத்திரிக்குப் போயிடு. பெரியாஸ்பத்திரில தொட மாட்டாங்க தம்பி. எண்பதாயிரம் பிரசவம்னு சொல்லிடுவாங்க. நான் சொல்றதைக் கேளு..."

எலக்ட்ரீஷியன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "சரிண்ணே, நீங்க உக்காருங்க" என்றார். குரலில் பழைய நெருக்கம் இல்லை. செருப்புச் சத்தம் வாசல் தாண்டிப் போயிற்று. தையல்காரர் இனிப்பைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார். அடுப்படியில் காயை ஏற்றுவதற்கு, சோறு இறங்கட்டும் என்று மனைவி காத்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், என்ன நடந்தது என்று கேட்பதும் சொல்வதுமாகக் குசுகுசுவென்று பேச்சு. பிறகு எலக்ட்ரீஷியன் மனைவியின் குரல், இவர்களுக்குக் கேட்கட்டும் என்றே சற்று உரக்க வந்தது.

"கண்ணு போயும், அந்த மனுஷனுக்குக் கண்ணு வைக்கறது போகல பாருங்க!"